காம்ரேட்ஸ் சாலையில் சாப்பாடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலிருந்து மலைகளின் மேல் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை போகும் பழைய சாலை ஏறக்குறைய 87 கிலோமீட்டர் நீளம். ஆண்டுக்கு ஒரு நாள் அந்தச் சாலையை ஓட்டக்காரர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். காம்ரேட்ஸ் மாரத்தான் என்று அழைக்கப்படும் இந்த ஓட்டத்தை, முதல் உலகப் போரில் மடிந்த தோழர்களின் நினைவாக விக் கிளாப்பம் என்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர் ஏற்பாடு செய்தார். 1921 மே 24 அன்று நடந்த முதல் ஓட்டத்தில் 34 பேர் புறப்பட்டு 16 பேர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இன்று இருபதாயிரம் பேர் அளவுக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலும் ஓர் ஆண்டு டர்பனிலிருந்து ஏற்றம், அடுத்த ஆண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து இறக்கம். இங்கே சொல்லப்படுவது ஏற்ற வழி.

ஆண்களில் முதலில் வருபவர் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். மற்றவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேர அவகாசம் உண்டு. அதைத் தாண்டி ஒரு நொடி ஆனாலும் பதக்கம் இல்லை. ஆசிரியர்கள், காவலர்கள், செவிலியர்கள், கடை வைத்திருப்பவர்கள் எனப் பெருங்கூட்டமாக வருபவர்கள் எல்லாரும் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை நம்பி வருபவர்களே. காலை இருட்டில் புறப்பட்டு மாலை இருட்டும்போது போய்ச் சேரும் ஒருவர் அன்றைய காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, மாலைச் சிற்றுண்டி எல்லாவற்றையும் சாலையிலேயே முடித்தாக வேண்டும். தொழில்முறை வீரருக்குச் சாப்பாடு எரிபொருள்தான். ஐந்தரை மணி நேரம் பிடிக்காததையும் விழுங்கிவிட அவரால் முடியும். பதினோரு மணி நேரம் ஓடுகிறவரால் அது முடிவதில்லை. அவருடைய சாப்பாட்டில் நாக்குக்கும் பங்கு கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது.

கணக்கு எளிமையானது. ஓடும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவர் 87 கிலோமீட்டர் ஓடினால் 6,000 கலோரிக்குச் சற்று மேல் வரும். வழக்கமான வாழ்க்கையில் அது கிட்டத்தட்ட மூன்று நாள் சாப்பாடு. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து மொத்தம் அரைக் கிலோ அளவுதான். அது தருவது ஏறக்குறைய 2,000 கலோரி. உடலில் கொழுப்பு தாராளமாக இருக்கிறது. ஒல்லியானவரிடம்கூடப் பல்லாயிரம் கலோரி கொழுப்பாக இருக்கும். ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். ஏற்றத்தில் வேகம் தேவைப்படும்போது உடல் மாவுச்சத்தையே கேட்கிறது. வழியில் சாப்பிட்டுச் சரிக்கட்டலாம் என்றால் குடலுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. குளுக்கோஸ் மட்டும் என்றால் மணிக்கு 60 கிராம் அளவுக்கு உறிஞ்சும். ஃபிரக்டோஸும் கலந்திருந்தால் அது வேறொரு வாசல் வழியாக உள்ளே போவதால் பழகிய குடலில் 90 கிராம் வரை ஏறும். அதற்கு மேல் போட்டால் வயிற்றிலேயே கிடந்து புரட்டும்.

இந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்கும் வேலை ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்பே டர்பனில் தொடங்கிவிடுகிறது. 1960களில் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோமும் ஹுல்ட்மனும் தசையில் ஊசி செலுத்தித் துளி துளியாகச் சதையை எடுத்துச் சோதித்தார்கள். உடற்பயிற்சியால் தசை காலியான பிறகு மாவுச்சத்தை நிறையக் கொடுத்தால் அது வழக்கத்தைவிட அதிகக் கிளைக்கோஜனைச் சேமிக்கிறது என்று கண்டார்கள். அன்றிலிருந்து நெடுந்தூர ஓட்டக்காரர்கள் கடைசி நாட்களில் சோறு, பாஸ்தா, உருளைக்கிழங்கு, ரொட்டி என்று ஏற்றிக்கொள்வது வழக்கமானது. இப்போது சொல்லப்படும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 12 கிராம். 70 கிலோ எடையுள்ளவர் குறைந்தது 560 கிராம் மாவுச்சத்தை உள்ளே தள்ள வேண்டும். கேட்க விருந்துபோல இருக்கும் இது, இரண்டாம் நாளே பாரமாகிவிடுகிறது. நார்ச்சத்து குறைவாக இருக்க வேண்டும், கொழுப்பு குறைவாக இருக்க வேண்டும், காரம் கூடாது என்று ஒவ்வொன்றாக விலக்கினால் கடைசியில் தட்டில் மிஞ்சுவது வெள்ளைவெளேரென்ற, மணமில்லாத ஒரு குவியல்.

இந்தப் பத்தியத்தை டர்பனில் கடைப்பிடிப்பதுதான் பெரிய சோதனை. ஏனென்றால் டர்பனின் தெருக்களில் காற்றே மசாலா மணக்கும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை இங்கே இறக்கியது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும். கரும்புத் தோட்டத்தில் அவர்களுக்கு அளந்து கொடுக்கப்பட்டது அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, கருவாடு. அரிசிக்குப் பதிலாக மக்காச்சோள மாவும் கொடுத்தார்கள். வேலை வாங்குவதற்கு உடலுக்கு எவ்வளவு வேண்டும் என்று மட்டும் பார்த்துப் போட்ட படி அது. அந்த அளவுச் சாப்பாட்டிலிருந்துதான் டர்பன் குழம்பு வளர்ந்தது. வெறும் எரிபொருளாகக் கொடுக்கப்பட்டதை அந்த மக்கள் உணவாக மாற்றிக்கொண்டார்கள் என்பதைவிடப் பெரிய சமையல் சாதனை வேறென்ன இருக்க முடியும்?

பன்னி சௌ அந்த வழியில் வந்தது. மேலே பொங்கி நிற்கும் வெள்ளை ரொட்டியை நான்காகவோ இரண்டாகவோ வெட்டி, நடுவிலிருக்கும் மெத்தென்ற பகுதியைக் கையால் ஒரே துண்டாகப் பிய்த்தெடுத்து, அந்தக் குழியில் ஆட்டுக்கறிக் குழம்பையோ அவரைப் பயறுக் குழம்பையோ நிரப்பி, பிய்த்த துண்டை மேலே மூடியாக வைத்துக் கொடுப்பார்கள். பக்கத்தில் துருவிய கேரட், வெங்காயம், பச்சை மிளகாய். கறிக் குழம்பில் உருளைக்கிழங்கு கட்டாயம் இருக்கும். கரண்டி கிடையாது. மூடியைக் குழம்பில் தோய்த்துத் தின்று, பிறகு ரொட்டிச் சுவரை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டே கீழே இறங்க வேண்டும். அவசரப்பட்டு அடியில் கை வைத்தால் குழம்பு மடியில் ஊற்றும். கறுப்பின மக்கள் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலத்தில், பாத்திரம் இல்லாமல் கையில் கொடுத்தனுப்ப ஏற்பட்ட முறை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. மாவுச்சத்துக் கணக்கில் பார்த்தால் கால் ரொட்டி ஓட்டக்காரருக்குப் பொருத்தமானதுதான். குழம்பின் எண்ணெயும் மிளகாயும்தான் தடை. கொழுப்பு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். காரம் ஓட்டத்தின் நடுவே குடலைக் கலக்கும். அதனால் அனுபவசாலிகள் ஓட்டத்துக்கு முந்தைய நாட்களில் அந்தக் கடைகளைக் கடந்து போய்விடுவார்கள்.

ஓட்ட நாளில் விடியலுக்கு வெகுநேரம் முன்பே விடுதிகளில் சாப்பாட்டுக் கூடம் திறந்துவிடும். கஞ்சி, தேன் தடவிய ரொட்டி, வாழைப்பழம், காப்பி. பசிக்காத வேளையில் சாப்பிடும் சாப்பாடு அது. தூக்கத்தில் குறைந்துபோன கல்லீரல் கிளைக்கோஜனை மறுபடி நிரப்ப அது தேவை. பிறகு நகர மண்டபத்தின் முன் திரளும் கூட்டம், ஷோஷோலோசா பாட்டு, ஒலிபெருக்கியில் சேவல் கூவல், துப்பாக்கி வெடி.

முதல் மூன்று மணி நேரம் சாப்பாட்டில் சிக்கல் எதுவும் இல்லை. கவீஸ் ஹில், பைன்டவுன், மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றம் எல்லாம் ஜெல்லிலேயே கடந்துவிடும். விரல் நீளப் பொட்டலத்தில் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து, பாகுபோல இருக்கும். ஓரத்தைப் பல்லால் கிழித்து வாயில் பிதுக்கிக்கொள்வார்கள். இந்தப் பொட்டலத்தின் வரலாற்றில் காம்ரேட்ஸுக்கு முக்கியமான இடம் உண்டு. 1981க்கும் 1990க்கும் இடையே ஒன்பது முறை இந்த ஓட்டத்தில் வென்ற புரூஸ் ஃபோர்டைஸ், கேப் டவுனின் விளையாட்டு மருத்துவப் பேராசிரியர் டிம் நோக்ஸ், ஓட்டக்காரர் பெர்னார்ட் ரோஸ் ஆகியோர் சேர்ந்து 1980களில் உருவாக்கிய லெப்பின் பொட்டலம் உலகின் முதல் ஜெல்களில் ஒன்று. அதே நோக்ஸ், 2010க்குப் பிறகு மாவுச்சத்தே வேண்டாம் என்ற பக்கம் போய், 1985இல் வெளியான தன் ‘லோர் ஆஃப் ரன்னிங்’ புத்தகத்தில் மாவுச்சத்தைப் புகழும் பகுதியைக் கிழித்துவிடுங்கள் என்று வாசகர்களிடம் சொன்னார். உலகத் தரத்திலுள்ள நடைப்போட்டி வீரர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் குழு நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு எதிராக நின்றது. கொழுப்பு உணவுக்குப் பழகியவர்கள் கொழுப்பை நன்றாக எரித்தார்கள். ஆனால் அதே வேகத்துக்கு அவர்களுக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது. மெதுவாக ஓடுகிறவருக்கு இந்த இழப்பு அவ்வளவு பெரிதல்ல. இருந்தாலும் காம்ரேட்ஸ் சாலையின் மேசைகளில் இன்றும் ஆட்சி செய்வது சர்க்கரைதான். அந்தச் சர்க்கரைக்காகத்தான் இந்தக் கரையில் கரும்பு நட ஆள் கொண்டுவந்தார்கள் என்பதைத் தமிழ் வாசகர் மறக்க முடியாது.

ஃபீல்ட்ஸ் ஹில்லுக்கு மேல் க்லூஃப், பிறகு ஹில்கிரெஸ்ட். 1922இல் பில் பேன் என்ற ஆசிரியர் இங்கே நின்று முட்டையும் பன்றிக்கறியும் சாப்பிட்டார். அவர் தென்னாப்பிரிக்காவுக்காக ரக்பி ஆடியவர். ஓட்டத்துக்கென்று பயிற்சி எதுவும் எடுக்காதவர். ரக்பி பூட்ஸுடனே புறப்பட்டார். வழியில் இன்னொரு ஓட்டக்காரருடன் உட்கார்ந்து கோழிக் குழம்பு சாப்பிட்டார். மதுக்கடையில் பீர் குடித்தார்கள். கூட்டாளி அங்கேயே தங்கிவிட, பேன் தனியாகத் தொடர்ந்தார். ஒரு பெண்மணி கொடுத்த பீச் பழ பிராந்தியைக் குடித்தார். உறவினர்களோடு தேநீரும் கேக்கும் எடுத்துக்கொண்டார். எட்டாவதாக வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு வென்றவர் ஆர்தர் நியூட்டன். அவர் நெடுந்தூர ஓட்டத்தை முறையான பயிற்சியாக ஆக்கிய விவசாயி. சர்க்கரையும் உப்பும் கலந்த எலுமிச்சைப் பானத்தைப் பின்னாளில் ஓட்டக்காரர்களுக்குப் பரிந்துரைத்தவர். எரிபொருளாகச் சாப்பிடுவதும் சுவைத்துச் சாப்பிடுவதும் ஒரே ஆண்டில், ஒரே சாலையில், இரண்டு மனிதர்களாக ஓடியிருக்கின்றன. வென்றவரைப் பின்பற்றி ஒரு நூற்றாண்டாக ஓட்டக்காரர்கள் கற்றிருக்கிறார்கள். ஆனால் கூட்டத்தின் நடுவிலும் பின்னாலும் ஓடுகிறவர்களுக்கு பேனிடமிருந்தும் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அவர் நாள் முழுதும் சாப்பிட்டார், ஒவ்வொரு முறையும் வேறு வேறு சுவையைச் சாப்பிட்டார், சாப்பிட்டதை விரும்பிச் சாப்பிட்டார்.

அது எவ்வளவு முக்கியம் என்பது போத்தாஸ் ஹில் தாண்டி, பாதி வழியான டிரம்மண்டுக்கு வரும்போதுதான் தெரியும். ஒருபுறம் ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. கீழே உடனே இஞ்சாங்கா ஏற்றம் காத்திருக்கிறது. ஐந்தாறு மணி நேரம் ஆகியிருக்கும். வெயில் ஏறியிருக்கும். காலையில் தேன்போல இருந்த ஜெல்லைப் பார்த்தாலே தொண்டை அடைக்கிறது. ஓடும்போது இரத்தம் தசைக்கும் தோலுக்கும் திருப்பிவிடப்படுவதால் குடலுக்குப் போவது வெகுவாகக் குறைந்திருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் நாக்கில் இருக்கிறது. ஒரே சுவையைத் திரும்பத் திரும்ப உண்டால் அந்தச் சுவையின் மேல் மட்டும் வெறுப்பு ஏறும். வேறு சுவைக்கான ஆசை அப்படியே இருக்கும். பார்பரா ரோல்ஸ் முதலானோர் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதனைகளில் காட்டினார்கள். விருந்தில் வயிறு நிறைந்த பிறகும் பாயசத்துக்கு இடம் இருப்பது இதனால்தான். எட்டு ஜெல்லுக்குப் பிறகு ஒன்பதாவதை மறுக்கும் ஓட்டக்காரர் மன உறுதி இல்லாதவர் என்று சொல்வது அநியாயம். அவருடைய உடல் இனிப்பைத்தான் மறுக்கிறது.

இந்த இடத்தில் காப்பாற்ற வருவது உருளைக்கிழங்கு. நீர் மேசைகளில் தோலோடு வேகவைத்த சின்னக் கிழங்குகளை இரண்டாக நறுக்கித் தட்டில் பரப்பியிருப்பார்கள். பக்கத்தில் கிண்ணத்தில் உப்பு. ஓட்டக்காரர் ஒரு பாதியை எடுத்து, ஈரமாக இருக்கும் வெட்டுப் பக்கத்தை உப்பில் ஒரு முறை அழுத்தி, அப்படியே வாயில் போட்டுக்கொண்டு நடப்பார். உப்பு முதலில் நாக்கைச் சுடும். பிறகு கிழங்கின் மாவு கரையும். மணிக்கணக்காக இனிப்பு ஒட்டிக் கிடந்த வாய்க்கு அது தரும் நிம்மதியை முகத்திலேயே பார்க்கலாம். நூறு கிராம் கிழங்கில் மாவுச்சத்து 20 கிராமுக்குள்தான், ஜெல்லைவிட இடமும் எடையும் அதிகம். ஆனால் வேலை செய்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு சைக்கிள் வீரர்களுக்கு மசித்த உருளைக்கிழங்கையும் ஜெல்லையும் கொடுத்து ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள். இரண்டும் ஓட்டும் வேகத்துக்கு ஒரே அளவு உதவின. கிழங்கு சாப்பிட்டவர்களுக்கு வயிறு சற்று உப்பியது. காம்ரேட்ஸின் கூட்ட வேகத்தில், இரண்டு துண்டு நின்று மென்று போகிறவருக்கு அதுவும் பெரிய தொல்லையாவதில்லை.

சுவைக்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை இன்னும் நேராகக் காட்டியது 2004இல் வெளிவந்த பர்மிங்காம் ஆய்வு. ஏறக்குறைய ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பினார்கள், விழுங்கவில்லை. அப்படியும் வெறும் நீரைக் கொப்பளித்தபோது எடுத்த நேரத்தைவிட மூன்று சதவீதம் அளவுக்குச் சீக்கிரம் முடித்தார்கள். வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை, இரத்தத்தில் எதுவும் கலக்கவில்லை. வாயிலிருக்கும் உணர்விகள் மூளைக்குச் செய்தி அனுப்ப, இன்பத்தையும் ஊக்கத்தையும் கையாளும் பகுதிகள் விழித்துக்கொள்வதைப் பின்னர் மூளைப் படங்களும் காட்டின. பதினோரு மணி நேர ஓட்டத்துக்குக் கொப்பளிப்பது போதாதுதான். ஆனாலும் வாயில் படும் உணவு விழுங்கும் முன்பே கால்களுக்கு உதவத் தொடங்குகிறது என்பது இதிலிருந்து தெளிவு.

தண்ணீர் விஷயத்தில் உடலின் பேச்சைக் கேட்காததால் உயிருக்கே ஆபத்து வந்ததும் இந்தச் சாலையில்தான் தெரிய வந்தது. ஒரு காலத்தில் தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள், முடிந்தவரை குடியுங்கள் என்று ஓட்டக்காரர்களுக்குச் சொல்லி வந்தார்கள். 1981 முதல் நோக்ஸின் கவனத்துக்கு வந்த சில ஓட்டக்காரர்கள் மயங்கியது நீர் குறைந்து அல்ல. நீர் மிகுந்து இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனதால். அத்தகைய நான்கு பேரைப் பற்றி அவரும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் எழுதினார்கள். மெதுவாக ஓடி, ஒவ்வொரு மேசையிலும் நின்று கடமையாகக் குடிப்பவருக்கே இந்த ஆபத்து அதிகம். இன்று தரப்படும் அறிவுரை, தாகத்துக்குக் குடி என்பதுதான். கையளவு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் கொடுப்பார்கள். மூலையைக் கடித்து இரண்டு வாய் குடித்துவிட்டு மீதியைத் தலையில் பீய்ச்சிக்கொண்டு போகிறார்கள்.

இஞ்சாங்காவுக்கு அப்பால் கேட்டோ ரிட்ஜ், கேம்பர்டவுன். சாலை கடல்மட்டத்துக்கு மேல் 800 மீட்டரைத் தாண்டுகிறது. இந்தப் பகுதியில் அதிகாரப்பூர்வ மேசைகளைவிடச் சாலையோரக் குடும்பங்களின் சாப்பாடு பேசத் தொடங்கும். கூடாரம் போட்டு, கரி அடுப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டு, காலையிலிருந்தே உட்கார்ந்திருப்பார்கள். புகை சாலையின் குறுக்கே படியும். ஆரஞ்சுச் சுளை, உப்புக் கடலை, கோழித் துண்டு, குச்சி ஐஸ் என்று முன்பின் தெரியாதவர்களுக்கு நீட்டுகிறார்கள். ஊட்டச்சத்து அட்டவணை எதிலும் இல்லாத பொருள்கள் இவை. பயிற்சியில் பழகாத எதையும் ஓட்ட நாளில் தொடாதே என்பது நல்ல விதிதான். இருந்தும் ஒன்பதாவது மணி நேரத்தில் ஒருவர் எதையாவது ஆசையோடு வாங்கிக் கடிக்கிறார் என்றால் அவரைத் தடுப்பது சரியல்ல. எதுவுமே உள்ளே போகாமல் இருப்பதைவிட அது பலமடங்கு மேல்.

கடைசி எட்டு கிலோமீட்டருக்கு முன்னால் பாலி ஷார்ட்ஸ் ஏற்றம். பெரும்பாலானவர்கள் இதில் நடந்துதான் ஏறுகிறார்கள். இங்கே எல்லார் கையிலும் கோலா. நூறு மில்லிக்கு ஏறக்குறைய பத்துக் கிராம் சர்க்கரை, கொஞ்சம் கஃபீன், மெல்லத் தேவையில்லை. முன்னால் ஓடுகிறவர் அதை அளந்து குடிப்பார். பின்னால் வருகிறவருக்கு அது குளிர்ச்சி, வாயில் சுருக்கென்று ஏறும் புளிப்பு, குழந்தைக் காலத்திலிருந்து தெரிந்த சுவை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஓடி முடித்தவர்களுக்குப் பசி இருக்காது. கடும் உழைப்பு பசியைத் தூண்டும் சுரப்பைச் சில மணி நேரம் அடக்கிவைக்கும். குடலும் இன்னும் மீளவில்லை. சூடான சூப், இனிப்புத் தேநீர், கொஞ்சம் பால் என்று தொடங்குவதே பலருக்கும் ஒத்துப்போகிறது. காலியான தசையில் கிளைக்கோஜன் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரைதான் நிரம்பும். முழுதாக நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். கிழிந்த தசை இழைகளுக்குப் புரதமும் வேண்டும். ஒரு வேளைக்கு 20 கிராமுக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

உண்மையான பசி மறுநாள்தான் வருகிறது. படியில் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டு டர்பன் திரும்பியவர்கள் அன்றைக்கு அந்தப் பன்னி சௌ கடைகளுக்குப் போகிறார்கள். இப்போது எண்ணெய் தடையில்லை, காரமும் தடையில்லை. கால் ரொட்டியில் மாவுச்சத்து, ஆட்டுக்கறியிலோ அவரைப் பயறிலோ புரதம், குழம்பில் உப்பு. அடுத்த ஆண்டுக்கான பயிற்சி தொடங்கும்வரை அவர்களுக்கு எந்த அளவும் கிடையாது.